காசு போயிருச்சு: நிர்வாகத்துக்குத் தமிழ் டெஸ்க்கிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைமை இயக்குநர், ஆபரேஷன்ஸ் தலைவர், மனிதவளத் துறைத் தலைவர் ஆகியோருக்கு,

கடந்த திங்கட்கிழமை நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை எதிர்த்து இதை எழுதுகிறேன். வாடிக்கையாளர் அழைக்கும்போது திரையில் ஏஐ காட்டும் வாசகத்தை நாங்கள் எந்த அளவுக்கு அப்படியே பேசுகிறோம் என்பதை வைத்து, வரும் 1-ஆம் தேதி முதல் எங்கள் மாத மதிப்பெண்ணில் 40 சதவீதம் போடப்படும் என்கிறது அது. ஃப்ளோரில் இதற்கு 'சஜஷன் ஸ்கோர்' என்று பேர். தொடர்ந்து 2 மாதம் 85-க்குக் கீழே போனால் பி.ஐ.பி., அதாவது கெடு வைத்து வேலையைத் திருத்திக்கொள்ளச் சொல்லும் திட்டம். அதே மின்னஞ்சலின் கடைசிப் பத்தியில், இந்தக் கருவி வந்த பிறகு ஊழியர்களின் பணித் திருப்தி கூடியிருப்பதை நமது சர்வேயே காட்டுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதலாவதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டாவது உண்மையில்லை.

எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில் தமிழ் டெஸ்க்கில் 9 வருடமாக இருக்கிறேன். ஊர் ஊத்தங்கரை. பணப் பரிவர்த்தனை ஆப் ஒன்றுக்கு வரும் தமிழ் அழைப்புகளை எடுப்பது என் வேலை. என் ஊழியர் எண்ணோடு இதன் நகலை உங்கள் மூவருக்கும் நேற்றே அனுப்பிவிட்டேன், ஆகவே யார் எழுதியது என்று தேட வேண்டியதில்லை. தமிழில் எழுதக் காரணம், ஒரு நாளைக்கு 8 மணி நேரம் உங்களுக்காக நான் பேசுவது இந்த மொழியில்தான். எங்கள் டெஸ்க்கிலிருந்து யாரையாவது கூப்பிட்டு முழுதும் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். கருவியில் போட்டுச் சுருக்கம் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, இரவு 7 மணி சுமாருக்கு, அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். வாடிக்கையாளர் என்பதால் அவரைப் பற்றி இதற்கு மேல் அடையாளம் சொல்ல மாட்டேன். எடுத்ததும் அவர் சொன்னது: "தாயி, காசு போயிருச்சு தாயி."

உடனே திரையின் வலது பக்கம் மஞ்சள் பெட்டி வந்தது. தலைப்பு, 'தோல்வியடைந்த பரிவர்த்தனை'. கீழே நான் பேச வேண்டிய வாசகம்: கவலைப்பட வேண்டாம், பிடிக்கப்பட்ட தொகை 5 நாட்களுக்குள் உங்கள் கணக்குக்குத் திரும்ப வந்துவிடும்.

வாசகத்தில் பிழை இல்லை. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி அது. யுபிஐயில் ஓர் ஆளுக்கு அனுப்பிய பணம் நம் கணக்கில் பிடிக்கப்பட்டு அங்கே சேராவிட்டால் மறுநாளுக்குள், கடைக்குக் கட்டியதென்றால் 5 நாளுக்குள் திரும்ப வந்துவிட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் 'காசு போயிருச்சு' என்று தமிழில் மூன்று விஷயத்துக்குச் சொல்வோம். அனுப்பிய பணம் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கும் அதுதான். நடுவில் எங்கோ சிக்கிக்கொண்டது என்பதற்கும் அதுதான். களவு போய்விட்டது என்பதற்கும் அதேதான். எது என்பது சொல்கிறவரின் தொண்டையில் இருக்கும். அந்தப் பெரியவர் இரண்டாவது 'தாயி'யைச் சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஐயா, நீங்களா அனுப்புனீங்களா, தானா போச்சா?" என்று கேட்டேன்.

"நான் எங்க தாயி அனுப்புனேன்? கரண்டு பில்லு கட்டலை, இன்னைக்கு ராத்திரி பீஸைப் புடுங்கிருவோம்னு ஒருத்தன் போன் போட்டான். என்னமோ ஒன்னை போன்ல ஏத்தச் சொன்னான், ஏத்துனேன். பதினெட்டாயிரம் போயிருச்சு. இன்னும் மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு."

இன்னும் மெசேஜ் வருகிறது என்றால், திருடன் அவருடைய போனுக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். மஞ்சள் பெட்டி 5 நாள் வாசகத்திலேயே நின்றது. முதலில் நெட்டை அணைக்கச் சொன்னேன். எப்படி அணைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. திரையை மேலிருந்து கீழே இழுங்கள், இரண்டு அம்புக்குறி போட்ட பொத்தானை அமுக்குங்கள் என்று சொல்லிச் சொல்லி அணைக்க வைத்தேன். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடச் சொன்னேன். அவன் போனிலிருந்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடிக்கச் சொன்னேன். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கள் பக்கம் அவருடைய ஐடியை முடக்க டிக்கெட் போட்டேன். பிறகு வங்கி எண்ணைத் தேடிக் கொடுத்து, "மொதல்ல கணக்கை நிறுத்தச் சொல்லுங்க, மிச்சத்தை அப்புறம் பேசலாம்" என்றேன். வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு நடக்கும் இழப்பு வாடிக்கையாளர் தலையில் விழக்கூடாது என்று 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. அதனால் இப்படிப்பட்ட அழைப்பில் ஒவ்வொரு நிமிடமும் காசு. மொத்தம் 14 நிமிடம் 20 விநாடி ஆனது.

மறுநாள் லாகின் செய்ததும் அந்த அழைப்பின் மதிப்பெண் வந்திருந்தது. 100-க்கு 41. சிவப்பு எழுத்தில் 'ஃபேட்டல்', அதாவது மன்னிக்க முடியாத தப்பு. பரிந்துரைத்த தீர்வு வழங்கப்படவில்லை, அழைப்பு நேரம் வரம்பைத் தாண்டியது, ஏஜெண்டின் குரலில் பதற்றம் என்று மூன்று காரணம் போட்டிருந்தது. பதற்றம் இருந்தது உண்மைதான். ஒரு பெரியவரின் பணம் என் காது கேட்கப் போய்க்கொண்டிருக்கும்போது பதறாமல் இருந்திருந்தால்தான் என் மேல் தப்பு.

மறுபரிசீலனைப் பொத்தானை அழுத்தி, நடந்ததை 12 வரியில் எழுதினேன். 3 நிமிடத்தில் பதில் வந்தது: மதிப்பெண் உறுதி செய்யப்பட்டது. 14 நிமிட அழைப்பை 3 நிமிடத்தில் எந்த மனிதரும் கேட்டிருக்க முடியாது. டீம் லீடரிடம் போனேன். என்னைவிட 6 வயது சின்னவர், நல்ல பையன். ஹெட்செட் போட்டு முழுதும் கேட்டார். "அக்கா, நீங்க செஞ்சதுதான் கரெக்ட். நானா இருந்தாலும் அதான் செஞ்சிருப்பேன். ஆனா ஸ்கோரை மாத்துற ஆப்ஷன் என் ஸ்க்ரீன்ல இப்ப இல்லக்கா, எடுத்துட்டாங்க" என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த 41-ஐத்தான் இனி எங்கள் சம்பளத்தோடும் வேலையோடும் கட்டப் போகிறீர்கள். அடுத்த முறை இப்படி ஒருவர் கூப்பிட்டால், பெட்டியில் இருப்பதை வாசிப்பதா, காதில் விழுவதை நம்புவதா என்று நான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். எனக்கு 2 பிள்ளைகள், பொம்மனஹள்ளியில் வாடகை வீடு. எங்கள் டெஸ்க்கில் பாதிப் பேர் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி வருகிறவர்கள், அவர்களுக்கும் நிலைமை இதுதான். பெரும்பாலானோர் வாசித்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் கோலார் தங்கவயல் அக்கா ஒருவர். அழைப்புகளைக் கேட்டுத் தரம் பார்க்கும் எங்கள் க்யூ.ஏ. டீமில் இருந்தார். தினமும் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருவார். அவருடைய அப்பா சுரங்கத் தொழிலாளி. 2001 பிப்ரவரி 28-ல் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டபோது வேலை இழந்தவர்களில் ஒருவர். அதற்குப் பிறகு அந்த ஊரிலிருந்து எத்தனையோ பேர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வரத் தொடங்கினார்கள். அக்காவும் அப்படி வந்தவர்தான்.

நான் சேர்ந்த புதிதில், மாதத்துக்கு 5 அழைப்பை எடுத்து வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்காருவார். ஒரே அழைப்பை இரண்டு ஹெட்செட்டில் இருவரும் கேட்போம். நடுவில் நிறுத்தி, "இந்த எடத்துல அந்தம்மா ஏன் சும்மா இருந்துச்சு, சொல்லு பாக்கலாம்" என்பார். எனக்குத் தெரியாது. "வீட்டுக்காரர் பக்கத்துல வந்துட்டாரு. காசு போனது அவருக்குத் தெரியக்கூடாது. அதான் பேச்சை மாத்துது. அந்த நேரத்துல போய் நீ அமவுண்டைச் சத்தமாச் சொல்லிட்ட பாரு" என்பார். திரும்பப் போட்டுக் கேட்டால், பின்னால் கதவு திறக்கும் சத்தம் மெல்லக் கேட்கும். மதிப்பெண் குறைத்தால் ஏன் குறைத்தேன் என்று சொல்லிவிட்டுத்தான் குறைப்பார். நான் ஒத்துக்கொள்ளாவிட்டால் எதிர்த்துப் பேசலாம். இரண்டு முறை அவர் மாற்றியிருக்கிறார். "எனக்கு மூச்சு வாங்குறது கேக்கலை, உனக்குக் கேட்டிருக்கு" என்று ஒரு முறை சொன்னார். எனக்கு அன்றைக்கு வீட்டுக்குப் போகும்வரை அதே நினைப்பாக இருந்தது.

போன வருடம் அந்த டீமையே கலைத்தீர்கள். மாதம் 5 அழைப்பைக் கேட்பதற்குப் பதிலாக ஏஐ 100 சதவீத அழைப்பையும் கேட்கும், மனிதச் சாய்வே இருக்காது என்றீர்கள். அக்காவுக்கு 46 வயதில் வேறு வேலை கொடுத்தீர்கள். பழைய அழைப்புகளைக் கேட்டு ஒவ்வொரு துண்டுக்கும் 'கோபம்', 'வருத்தம்', 'சாதாரணம்' என்று குறி போடும் வேலை, 3 மாத ஒப்பந்தம். 3 மாதம் முடிந்ததும் நன்றி சொல்லி அனுப்பிவிட்டீர்கள். கடைசி நாள் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னதை நான் மறக்கவில்லை. "எங்கப்பாகிட்ட, தங்கம் எடுக்கக் கட்டுப்படியாகலைன்னு ஒரு காரணமாவது சொன்னாங்க."

நாங்கள் ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும் ஒரு பதிவைக் கேட்கிறோம்: தர மேம்பாட்டுக்காகவும் பயிற்சிக்காகவும் இந்த அழைப்பு பதிவு செய்யப்படலாம். பயிற்சி என்றால் புதிதாக வரும் பிள்ளைகளுக்கான பயிற்சி என்றுதான் 9 வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் குரலையும் நாங்கள் பதில் சொன்ன விதத்தையும் வைத்து இந்தக் கருவிக்குத்தான் பயிற்சி கொடுக்கிறீர்கள் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. மஞ்சள் பெட்டியில் சில நேரம் வரும் வாசகம் எனக்கே அடையாளம் தெரிகிறது. 'பதறாதீங்க, ஒன்னொன்னாப் பாத்துடலாம்' என்பது நான் பேசிப் பேசி வந்த வாக்கியம். இப்போது நான் அதை வாசிக்கிறேனா என்று எனக்கே மதிப்பெண் போடுகிறது.

புதிதாக வருகிற பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 6 மாதத்துக்கு முன் எங்கள் டீமில் தருமபுரிப் பெண் ஒருத்தி சேர்ந்தாள். கெட்டிக்காரி. அவளுடைய சஜஷன் ஸ்கோர் எப்போதும் 95-க்கு மேல். போன வாரம் ஒரு மதியம் கருவி 2 மணி நேரம் படுத்துவிட்டது, அழைப்புகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. அவள் அழைப்பை எடுத்தாள், வணக்கம் சொன்னாள், மியூட்டில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. "அக்கா, என்னக்கா சொல்லணும்?" என்றாள். கேட்டது மிகச் சாதாரணமான கேள்வி, 6 மாதத்தில் அவள் அதற்கு நூறு முறையாவது பதில் சொல்லியிருப்பாள். ஆனால் ஒரு முறைகூட அவளே யோசித்துச் சொன்னதில்லை. சாயங்காலம் கழிவறையில் அழுதாள். "எனக்கு இந்த வேலையே தெரியாதுக்கா, 6 மாசமா வாசிச்சிட்டு இருந்திருக்கேன்" என்றாள். அவளுக்குத் தெரியாமல் போனதற்கு அவள் காரணம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஓர் அக்கா இருந்திருக்க வேண்டும்.

வேலைப்பளு குறைந்திருக்கிறது என்று ஊழியர்கள் எல்லோரையும் கூட்டிய டவுன்ஹால் கூட்டத்தில் சொன்னீர்கள். எண்ணிக்கையில் குறைந்திருக்கலாம். பேலன்ஸ் கேட்பது, பின் நம்பர் மாற்றுவது மாதிரியான லேசான அழைப்புகளை இப்போது தானாகப் பதில் சொல்லும் பாட் எடுத்துக்கொள்கிறது. அந்த லேசான அழைப்புகள்தான் இரண்டு கனமான அழைப்புக்கு நடுவில் எங்களுக்கு இளைப்பாறல் என்பது உங்கள் கணக்கில் வரவில்லை. இப்போது எங்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் பாட்டோடு 10 நிமிடம் மல்லுக்கட்டித் தோற்று வருகிறவர்கள். முதல் வார்த்தையே திட்டாகத்தான் வருகிறது. முன்பு அழைப்பு முடிந்ததும் குறிப்பு எழுத 90 விநாடி கிடைக்கும். இப்போது சுருக்கத்தை ஏஐயே எழுதுவதால் 15 விநாடியாக்கிவிட்டீர்கள். அந்த 90 விநாடியில்தான் ஒரு வாய் தண்ணீர் குடிப்போம், அழுத கண்ணைத் துடைப்போம். அந்தச் சுருக்கத்தில் பிழை இருந்தாலும் 15 விநாடியில் பார்த்து ஓகே கொடுக்க வேண்டும். பதிவாவது என் ஐடி. கொங்குப் பக்கத்து அம்மா ஒருவர் பேச்சுக்குப் பேச்சு "சாமி, சாமி" என்று என்னைக் கூப்பிட்டதை, புகார் கொடுத்தவர் பெயர் சாமி என்று எழுதியிருந்தது. நான் பார்த்துத் திருத்தினேன். பார்க்காமல் விட்டவை எத்தனையோ.

குரலை வைத்து உணர்ச்சி மதிப்பெண் போடுவதையும் சொல்கிறேன். எங்கள் ஊர்களில் சத்தமாகப் பேசுவது சண்டை ஆகாது. நாகர்கோவில்காரர் ஒருவர் வேகமாகப் பேசினாலே திரை சிவப்பாகிவிடுகிறது. நான் வயதானவர்களை 'அம்மா', 'ஐயா' என்பேன். 'மேடம்', 'சார்' வராவிட்டால் மதிப்பெண் குறைகிறது. எங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பக்கத்துக் கன்னட டெஸ்க்கில் ஹுப்பள்ளிக்காரர் பேச்சும் மங்களூர்க்காரர் பேச்சும் இதே பாடுதான் படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் பணியிடத்தில் ஊழியரின் முகத்தையோ குரலையோ வைத்து உணர்ச்சியைக் கணிக்கும் ஏஐயை, மருத்துவம், பாதுகாப்புக் காரணங்கள் தவிர, 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறார்கள். அங்கே ஒரு தொழிலாளிக்குச் செய்யக்கூடாது என்று சட்டம் போட்டதை எங்களுக்கு இங்கே தினமும் 60 முறை செய்கிறீர்கள்.

டவுன்ஹாலில் ஓர் ஆய்வையும் காட்டினீர்கள். எரிக் பிரின்யோல்ஃப்ஸன், டேனியல் லி, லிண்ட்ஸி ரேமண்ட் ஆகியோர் 2023-ல் வெளியிட்டது. 5,179 வாடிக்கையாளர் சேவை ஏஜெண்டுகளைக் கவனித்ததில், ஏஐ உதவியால் மணிக்குத் தீர்க்கும் பிரச்சினைகள் சராசரியாக 14 சதவீதம் கூடின என்றீர்கள். உண்மை. வேலையை விட்டுப் போவது குறைந்தது என்பதும் அதில் இருக்கிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் காட்டாத பகுதியும் அதிலேயே இருக்கிறது. புதியவர்களுக்குத்தான் 34 சதவீதம். அனுபவமும் திறமையும் உள்ளவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் கூடவில்லை. அது டைப் செய்து பேசும் சாட் வேலை, குரல் அழைப்பு கிடையாது. திறமையான ஏஜெண்டுகள் பேசியதிலிருந்துதான் கருவி கற்றுக்கொள்கிறது, அதற்கு அவர்களுக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வியை ஆய்வாளர்களே எழுப்புகிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: அந்த நிறுவனத்தில் ஏஐ சொன்னதை எடுப்பதும் விடுவதும் ஏஜெண்டின் விருப்பம். திருத்திக்கொள்ளலாம், கண்டுகொள்ளாமலும் விடலாம். பேச்சுக்குப் பொறுப்பு ஏஜெண்டுதான். நீங்கள் 1-ஆம் தேதி முதல் பறிக்கப் போவது அந்த ஆய்வில் இருந்த அதே உரிமையைத்தான். அந்த 14 சதவீதத்தைக் காட்டி இதைச் செய்வது நியாயமில்லை.

ஸ்வீடனின் கிளார்னா என்ற நிதி நிறுவனத்தையும் முன்பு ஒரு முறை உதாரணம் காட்டினீர்கள். 2024 பிப்ரவரியில் தங்கள் ஏஐ உதவியாளர் 700 ஏஜெண்டுகளின் வேலையைச் செய்வதாக அவர்கள் அறிவித்தார்கள். 2025-ல் அதன் தலைவரே தரம் குறைந்துபோனதை ஒத்துக்கொண்டு, மறுபடி மனிதர்களை வேலைக்கு எடுக்கப் போவதாகச் சொன்னார். பிறகு அதைப் பற்றி நீங்கள் பேசவில்லை.

இப்போது அந்த சர்வேக்கு வருகிறேன். அதில் 5 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 5 பொம்மை முகம். கருவி வேகமாக இருக்கிறதா, பயன்படுத்த எளிதா, தகவல் தேட உதவுகிறதா என்ற மாதிரி. நானும் 4 போட்டேன், ஏனென்றால் அது உண்மை. 200 பக்க பாலிசி கையேட்டில் தேவையான வரியைத் தேடி எடுக்க இந்தக் கருவி நிஜமாகவே உதவுகிறது. பக்கத்து சீட்டில் மணிக்கட்டு வலிக்காரர் ஒருவருக்கு டைப் செய்வது குறைந்ததில் பெரிய நிம்மதி. ஆனால் வேலையைப் பற்றி ஒரு கேள்விகூட அதில் இல்லை. இந்த வேலையில் உங்களுக்கு மரியாதை இருக்கிறதா, நாளை காலை வர விருப்பமா, உங்கள் தங்கையை இதில் சேர்த்துவிடுவீர்களா என்று கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். மேலும், ஊழியர் எண் போட்டு லாகின் செய்துதான் அதை நிரப்பினோம். "எல்லாரும் 4-க்கு மேல போடுங்க, டீம் பேரு கெட்டுடக் கூடாது" என்று சொல்லிக்கொண்டு ஃப்ளோரில் ஆள் நடந்துகொண்டிருந்தார்.

நான் சேர்ந்த வாரம் நடந்த பயிற்சியில் உங்கள் மனிதவளத் துறையிலிருந்து வந்த ஒருவர் ஒரு ஸ்லைடு காட்டினார். 1970-களில் ஹாக்மன், ஓல்ட்ஹாம் என்ற இருவர் சொன்னது. பலவகைத் திறமைக்கு இடம், ஒரு காரியத்தை முதலிலிருந்து முடிவுவரை செய்து பார்ப்பது, அது யாருக்கோ பயன்படுகிறது என்ற நிறைவு, சொந்தமாக முடிவெடுக்கும் உரிமை, எப்படிச் செய்தோம் என்று தெரிய வருவது. இவை இருந்தால் மனிதருக்கு வேலை பிடிக்கும் என்றார். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் சிக்கலான கேஸ் என்றால் 2 நாள் கழித்து நானே திரும்பக் கூப்பிட்டு, "அம்மா, காசு வந்துருச்சா?" என்று கேட்க முடியும். "வந்துருச்சு கண்ணு, நல்லா இருப்ப" என்று ஒரு குரல் சொல்லும். எனக்கு ஒரு வாரம் அது போதும். கால்பேக் இப்போது கருவியின் வேலை, பதிவு செய்த குரலில் போகிறது. அருப்புக்கோட்டைப் பெரியவருக்குப் பணம் கிடைத்ததா என்று விசாரிக்க எனக்கு வழியே இல்லை. என் வேலையில் எனக்குக் கிடைத்த தகவல் 41 என்ற எண் மட்டும்தான்.

கருவியைத் தூக்கி எறியச் சொல்லி நான் எழுதவில்லை. நான் கேட்பவை இவை.

1-ஆம் தேதி முதல் வரும் சஜஷன் ஸ்கோரை நிறுத்தி வையுங்கள். மஞ்சள் பெட்டி இருக்கட்டும், எடுப்பதும் விடுவதும் பேசுகிறவர் விருப்பமாக இருக்கட்டும். அதை எடுக்காததற்காக யாருடைய மதிப்பெண்ணும் இன்சென்டிவும் குறையக்கூடாது. மோசடிப் புகார் அழைப்புகளுக்கு நேர வரம்பே கூடாது, இதை எழுத்தில் தர வேண்டும்.

ஏஐ போடும் எந்த மதிப்பெண்ணையும் எதிர்த்து முறையிட்டால், அந்த மொழி தெரிந்த ஒரு மனிதர் முழு அழைப்பையும் கேட்டு, பெயர் போட்டு, காரணம் எழுதிப் பதில் தர வேண்டும். டீம் லீடரிடமிருந்து எடுத்த மாற்றும் உரிமையைத் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொரு மொழி டெஸ்க்குக்கும் குறைந்தது 2 க்யூ.ஏ. ஆட்களைத் திரும்ப எடுங்கள். முதல் அழைப்பு தங்கவயல் அக்காவுக்குப் போகட்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் 2 மாதம், வாரத்தில் ஒரு நாளாவது பெட்டியை அணைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு மூத்தவரை உட்கார வைத்து அழைப்பு எடுக்கப் பழக்குங்கள்.

குரலை வைத்து உணர்ச்சி மதிப்பெண் போடுவதை எல்லா டெஸ்க்கிலும் உடனே கைவிடுங்கள். எங்கள் அழைப்புகளில் எவை, எந்தத் தேதியிலிருந்து, எதற்காகக் கருவிக்குக் கொடுக்கப்படுகின்றன என்று எழுதித் தாருங்கள். இனிமேல் எங்கள் சம்மதம் கேட்டுக் கொடுங்கள், அதற்கு ஈடு என்ன என்பதையும் பேசுங்கள். அழைப்புக்கு நடுவில் 90 விநாடியைத் திருப்பிக் கொடுங்கள்.

ஐடி துறைக்கு, வேலை விதிகளை எழுத்தில் வைக்கச் சொல்லும் நிலையாணைச் சட்டத்திலிருந்து கர்நாடக அரசு 2024-ல் மேலும் 5 வருடம் விலக்கு அளித்தபோது சில நிபந்தனைகள் போட்டது. நிர்வாகத் தரப்பும் ஊழியர் தரப்பும் சம எண்ணிக்கையில் உள்ள குறைதீர்க் குழு வேண்டும் என்பது அதில் ஒன்று. நம் அலுவலகத்தில் அந்தக் குழுவில் ஊழியர் தரப்பில் யார் இருக்கிறார்கள் என்று எங்கள் ஃப்ளோரில் யாருக்கும் தெரியாது. அவர்கள் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், நாங்களே தேர்ந்தெடுக்க வழி செய்யுங்கள், இந்தச் சுற்றறிக்கையை முதலில் அந்தக் குழுவின் முன் வையுங்கள். சர்வேயைப் பெயரில்லாமல், ஊழியர் எண் கேட்காமல், வேலையைப் பற்றிய கேள்விகளோடு மறுபடி நடத்துங்கள். முடிவை அப்படியே எங்களுக்கும் காட்டுங்கள்.

அந்த செவ்வாய்க்கிழமை அழைப்பின் எண் என் மின்னஞ்சலில் இருக்கிறது. உங்கள் மூவரில் ஒருவராவது, தமிழ் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதன் 14 நிமிடம் 20 விநாடியையும் உட்கார்ந்து கேளுங்கள். கேட்ட பிறகு அந்த 41 சரியா என்று எனக்கு எழுத்தில் சொல்லுங்கள். 1-ஆம் தேதிக்கு முன் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
தமிழ் டெஸ்க் ஊழியர்,
எலக்ட்ரானிக் சிட்டி, பெங்களூர்